ஹேசல் நின்ற இடம்

ஒரு விடுகதை. கதவைத் திறந்து உள்ளே போகிறாய். கதவைச் சாத்தியும் விடுகிறாய். அப்படியும் நீ வெளியில்தான் நிற்கிறாய். காற்று அடிக்கிறது, மழை வந்தால் சாரல் காலை நனைக்கிறது. அது எந்த வீடு? ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கு மேல் நான் எண்ணுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே லாயத்து மேலாளர் டக்கர் சொல்லிவிட்டார், கேள்வி கேள், மூன்று எண்ணு, விடையை நீயே சொல்லிவிடு, நாலாவது நொடியில் பயணிகள் கைபேசியை எடுத்துவிடுவார்கள் என்று. ஐந்து வருடமாக, ஒரு நாளைக்கு நான்கு தடவை, பதினாறு பேர் உட்காரும் வண்டியின் முன்பலகையில் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு, சார்ல்ஸ்டன் நகரத்தின் பழைய தெருக்களில் இந்த விடுகதையைப் போட்டு, மூன்று எண்ணி, நானே விடை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை ஒன்பது மணி வண்டியில் எனக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் தாமிரா உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் அவளுடைய சித்தி வடிவு. சுற்று முடிந்து லாயத்துக்குத் திரும்பியதும் தாமிரா ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்த விடை எனக்குத் தெரியாது. காலையில் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் கணவர் இசக்கி தன் மகளிடம் சொன்னார், "தாமி, அன்னம் வண்டில ஒரு சுத்து சுத்திட்டு வா. வந்து சொல்லு. சித்தி கூட நியூ ஜெர்சி போய் அங்கயே படிக்கியா, இல்ல இங்க எங்க கூட இருக்கியா. நீ சொல்றதுதான்." சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அன்னம் நான்தான். தட்டுகளைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய தட்டையும் கழுவினேன்.

வடிவு நாளைக் காலை விமானம் ஏறுகிறாள். தாமிரா பேருக்கும் ஒரு இருக்கை போட்டு வைத்திருக்கிறாள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று. வடிவு நல்லவள், அதுதான் என் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் இந்த ஒரு மணி நேரமும் அவளைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டியிருப்பேன். இறந்துபோன தன் அக்கா கோமதியின் இடத்தில் வந்து நிற்கிற என்னை, அக்கா என்று கூப்பிட அவளுக்கு ஒரு வருடம் ஆனது; ஆனால் கூப்பிட்டாள். அவள் வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இந்தக் கோடை விடுமுறை முழுக்கத் தாமிரா அங்கே இருந்தாள். அவர்கள் அனுப்பிய வீடியோவில் மூன்று பேரும் குளியல் தொட்டிக்குள் உடையோடு உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார்கள், தாமிரா விதையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. எங்கள் வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று இசக்கிக்குத் தெரியாது. என் வண்டியை இழுக்கிற ஹேசலுக்குத் தெரியும், லாயத்தில் அதன் கழுத்தில் சாய்ந்துகொண்டுதான் பார்த்தேன். "அக்கா," என்று பின்னாலிருந்து வடிவு கேட்கிறாள், "இது குதிரையா, கழுதையா?" "ரெண்டும். அம்மா குதிரை, அப்பா கழுதை. கோவேறு கழுதை." "காதைப் பாத்தா அப்பா சாயல்தான்," என்றாள் வடிவு. தாமிரா மூக்கால் சிரித்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க ஆசையாக இருந்தது. வாரைப் பிடித்திருக்கும்போது திரும்பக் கூடாது, அது விதி. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தேன், இங்கே அந்தப் பட்டம் செல்லவில்லை, மறுபடி பரீட்சைகள் எழுத வேண்டும், அதுவரைக்கும் என்று லாயத்தில் சேர்ந்தேன், பிறகு வழிகாட்டிப் பரீட்சை எழுதி முன்பலகையில் ஏறிவிட்டேன், இறங்க மனமில்லை. தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில், "டாக்டருக்குப் படிச்சிட்டு கழுத வண்டி ஓட்டுதேன்னு யார்ட்டயும் சொல்லித் தொலையாத" என்கிறாள். கப்பல் கம்பெனியில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். துறைமுகம் தெரிகிற தூரத்தில்தானே இருக்கிறேன், பாதி உண்மை.

சந்தைக்குப் பக்கத்தில் நகராட்சிக் கூண்டு. எல்லா வண்டியும் இங்கே நிற்க வேண்டும். எந்தத் தெருவழியாகப் போவது என்பது ஓட்டுகிறவர் கையில் இல்லை. எல்லோரும் கடற்கரைப் பக்கமே போனால் அங்கே குடியிருப்பவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது என்று, ஒரு பெட்டிக்குள் நிறநிறமாய்ப் பந்துகளைச் சுழலவிட்டு, எந்தப் பந்து விழுகிறதோ அந்த நிறத்துக்குரிய பகுதிக்குத்தான் வண்டி போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கடற்கரைப் பந்து விழ வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். அங்கே நாரைகள் வரிசையாய்ப் பறக்கும், பீரங்கிகள் இருக்கும், தூரத்தில் தண்ணீருக்கு நடுவே கோட்டை தெரியும். அங்கே நான் நன்றாகப் பேசுவேன். மற்ற இரண்டு பகுதிகளில் ஒன்று மட்டும் இன்றைக்கு வேண்டாம். அந்தப் பகுதியில் முப்பத்தொன்றாம் எண் வீடு இருக்கிறது. கோமதி இருந்த வீடு. தாமிரா பிறந்து, ஐந்து வயது வரை வளர்ந்த வீடு. கோமதி போன பிறகு இசக்கி மகளைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோனார், நான்கு வருடமாக அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பவில்லை. நான் திருப்பியிருக்கிறேன். பந்து விழுந்தால் திருப்பித்தான் ஆக வேண்டும். அந்த வீடு வருகிறபோது எதிர்ச்சாரியில் இருக்கிற மக்னோலியா மரத்தைக் காட்டிப் பேசுவேன்; பதினாறு தலையும் அந்தப் பக்கம் திரும்பும்; நான் மட்டும் இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். கூண்டில் லோரெட்டா உட்கார்ந்திருந்தார். "அட, இது யாரு? உன் பொண்ணா ஆனி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்னம் அவர் வாயில் ஆனி. ஆமாம் என்று சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டு, "தாமிரா" என்று பேரைச் சொன்னேன். "தங்கக்குட்டி, நீயே பொத்தானை அழுத்துறியா?" என்றார் லோரெட்டா. தாமிரா எட்டி அழுத்தினாள். பந்துகள் குதித்தன. விழுந்த பந்தைப் பார்த்ததும் என் கை வாரை இறுக்கிவிட்டது போலிருக்கிறது, ஹேசல் காதைப் பின்னுக்கு மடித்தது. ஒன்றுமில்லை ஹேசல். நட. கடற்கரை இல்லை.

மெதுவாகப் போனால் என்ன, முப்பத்தொன்று வருவதற்குள் மணி பத்தாகிச் சுற்று முடிந்துவிடாதா. ஆகாது, ஹேசலின் நடை எனக்குத் தெரியும், பத்து மணிக்கு அந்தத் தெருவை மூன்று தடவை கடந்திருப்போம். ஆகஸ்ட் வெயில், காலையிலேயே பிடரியில் உட்கார்ந்துவிட்டது. தொண்ணூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நகராட்சி எல்லா வண்டியையும் நிறுத்திவிடும். இப்போது எண்பத்தாறு. ஒலிபெருக்கியில் என் குரல் பேசிக்கொண்டே போகிறது, இது தேவாலயம், இது பழைய வெடிமருந்துக் கிடங்கு, சுவரில் தெரியும் இந்த இரும்பு வில்லைகள் பூகம்பத்துக்குப் பிறகு வீட்டை இழுத்துக் கட்டிய கம்பிகளின் முனைகள். குரல் தானாகப் போகும், ஹேசலின் கால்களைப்போல. வீட்டிலும் அப்படித்தான் போயிற்று. கல்யாணம் முடிந்து நான் இசக்கியின் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தாமிராவின் அறைக்குப் புது வண்ணம் அடித்து, கட்டிலைத் திருப்பிப் போட்டு, பள்ளியிலிருந்து வந்தவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். இது உன் ஜன்னல், இதிலிருந்து அணில் பார்க்கலாம். இது உன் அலமாரி, மேல் தட்டு பள்ளி உடுப்புக்கு. வீடு இரண்டாயிரத்து நான்கில் கட்டினது என்றுகூடச் சொன்னேன், கடவுளே. அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "தேங்க் யூ" என்றாள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இறங்கும்போது சொல்வார்களே, அதேபோல. பசிக்கிறதா? தோசையா, இட்லியா? ஒன்று இரண்டு மூன்று, தோசைதானே. இப்படி எத்தனை தோசை. அவளுக்கு இட்லி பிடிக்கும் என்று எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆயிற்று, அதுவும் வடிவு போனில் சொல்லித்தான். என்னை அவள் எந்தப் பேரிலும் கூப்பிடுவதில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஒருத்தி குடியிருக்கிறாள். ஆகவே அவள் என் பக்கம் வந்து நின்று, நான் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருப்பாள். நானும் சில சமயம், அவள் வந்து நிற்பது தெரிந்தும், கொஞ்சம் கழித்து நிமிர்வேன். பக்கத்தில் நிற்கட்டுமே என்று.

செங்கல் சுவர். இந்த இடத்தில் மட்டும் நான் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன். இந்தச் செங்கற்களை அறுத்தவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், வெயிலில் காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போடும் வேலை அவர்களுடைய பிள்ளைகளுக்கு, பிள்ளைகளின் விரல் பதிந்த கல் அப்படியே சூளைக்குப் போய்ச் சுவராகியிருக்கிறது, இடது பக்கம் ஜன்னலுக்குக் கீழே பாருங்கள்.   போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமிராவை நடத்தியே கூட்டிவந்து இந்தச் சுவரைக் காட்டினேன். அவள் தன் மூன்று விரலை அந்தக் குழியில் வைத்தாள், அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது, உடனே கையை இழுத்துக்கொண்டு பின்னால் கட்டிக்கொண்டாள். இன்று பின்னாலிருந்து அவள் குரல், வடிவிடம், "அதுல என் விரல் ஃபிட் ஆச்சு சித்தி. இப்ப ஆகாது. நான் வளந்துட்டேன்." "எந்த வெரலு?" "மூணும்." பிறகு, "அந்தப் பிள்ளைங்க எங்க போனாங்க?"  அது எனக்கான கேள்வி, இதற்கு விடை நான் மனப்பாடம் செய்த வழிகாட்டிக் குறிப்புகளில் இருக்கிறது. "எங்க விக்கிறாங்களோ அங்க," என்றேன், திரும்பாமல், தமிழில். "அவங்களை யாரும் கேக்கல, தாமிரா." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. உன்னை மட்டும் கேட்டிருக்கிறோம், ஒன்பது வயதில், இட்லித் தட்டுக்கு முன்னால். கேட்காமல் விடுவதும் தப்பு, கேட்பதும் ஒரு பாரம்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரு என்று. மூன்று மாதமாக அந்த வார்த்தை நாக்கின் கீழே கிடக்கிறது. சொன்னால் அவள் சரி என்று சொல்லிவிடுவாள், தோசைக்குச் சரி சொன்னமாதிரி. ஆகவே இன்று வாயைத் திறக்கக் கூடாது, நாலாவது நொடி வந்தாலும் கூடாது, நாற்பதாவது வந்தாலும்.

திரும்பிவிட்டோம். தெரு குறுகல், மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நிழலாக இருக்கிறது. இங்கே வீடுகளெல்லாம் தெருவுக்குப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நிற்கும், இடம் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தவர்களைப்போல. இருபத்து மூன்று. இருபத்தைந்து. மக்னோலியா வருகிறது. மக்னோலியாவைப் பற்றி என்ன சொல்வேன்? ஒன்றும் வரவில்லை. ஐந்து வருடமாகச் சொன்ன மரம். வாயில் வந்தது விடுகதைதான், "ஒரு விடுகதை," என்றேன் ஆங்கிலத்தில், "கதவைத் திறந்து உள்ளே போகிறாய், சாத்துகிறாய், அப்படியும் வெளியில்தான் நிற்கிறாய். அது எந்த வீடு?" ஒன்று. இரண்டு. மூன்று. வாய் விடைக்காகத் திறந்தது. மூடினேன். நான்கு. ஐந்து. யாரோ பின்வரிசையில் இருமினார்கள். ஆறு. "எங்க வீடு," என்றாள் தாமிரா. தமிழில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்தில், எல்லோருக்கும். "எங்க வீடு. அதோ, அந்தக் கறுப்புக் கதவு." அந்த நேரத்தில்தான் ஹேசல் நின்றது. முப்பத்தொன்றுக்கு நேர் முன்னால், நான்கு காலையும் அகட்டி, வாலை ஒதுக்கி. ஐந்து வருடத்தில் இந்தத் தெருவில் அது நின்றதே இல்லை. ஹேசல், இங்கேயா, இப்போதா. மூத்திரம் தார்ச்சாலையில் அடிக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. வடிவு துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ அக்கா, ஒரு குளமே வெட்டிட்டாளே!" பதினாறு பேரும் சிரித்தார்கள். இது முடியும்வரை நகர முடியாது, விலங்கை விரட்டக் கூடாது. கறுப்புக் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் அறை இல்லை, நீள வராந்தா, அதன் கடைசியில்தான் வீட்டு வாசல். யாரோ சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். ஒலிபெருக்கியின் மைக்கை நான் கழற்றிப் பின்னால் நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை. சிறு கை வந்து வாங்கிக்கொண்டது.

அவள் ஆங்கிலத்தில் பேசினாள், என்னைப்போல இழுக்காமல், பள்ளியில் வாசிக்கிறமாதிரி. "இதைத் திறந்தா வராந்தா. இங்கதான் அம்மாவும் நானும் மத்தியானம் பாய் போட்டுப் படுப்போம். கதவு திறந்திருந்தா விருந்தாளி வரலாம். மூடியிருந்தா நாங்க தூங்குறோம்னு அர்த்தம். மேல நீலப் பெயின்ட் பாருங்க. அந்த நீலத்துல குளவி கூடு கட்டாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க." எல்லோரும் இல்லை, நான்தான், ஒரு நாளைக்கு நான்கு தடவை. "ஆனா கட்டிச்சு. அம்மாவை இங்க கொட்டிச்சு," என்று எங்கேயோ தொட்டுக் காட்டியிருக்க வேண்டும், சிரிப்பு மறுபடி எழுந்தது, வடிவு மட்டும் சிரிக்காமல் முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டது, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. கோமதியை எனக்குத் தெரியாது. படத்தில் பார்த்திருக்கிறேன். கொட்டின இடம் வீங்கிப்போய் இந்த வராந்தாவில் உட்கார்ந்து சுண்ணாம்பு தடவிக்கொண்டு, மகளைப் பார்த்துச் சிரிக்கிற ஒருத்தியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். நல்லவேளை மக்னோலியா மறந்துபோயிற்று. எத்தனை தடவை அவள் பக்கமிருந்து எல்லோர் தலையையும் திருப்பிவிட்டிருக்கிறேன்! ஹேசல் முடித்துவிட்டுத் தலையை உதறியது. இனி கொடி. ஈரமான இடத்தில் கனத்த அடிக்கட்டை வைத்த சின்னக் கொடியைப் போட்டுவிட்டு, வாக்கிடாக்கியில் இடத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வண்டி வந்து கழுவிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு போகும். காலடியில் இருந்த கொடியை எடுத்தேன். பின்னால் மூச்சு கேட்டது. அவள் எழுந்து என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், நான் நிமிர்வதற்காகக் காத்துக்கொண்டு. நின்ற வண்டியில் திரும்பலாம், விதி அனுமதிக்கும். திரும்பினேன். மூக்கு நுனியில் வேர்வை. கொடியைக் கொடுத்தேன். "குறி பாத்துப் போடு. நடுவுல." போட்டாள். நடுவில் விழுந்து நட்டுக்குத்தலாக நின்றது. வாக்கிடாக்கியையும் கொடுத்தேன். தெருப் பேரைச் சொல்லி, "முப்பத்தொண்ணு," என்றாள், "முப்பத்தொண்ணு எதிர்ல கொடி." கரகரவென்று பதில் வந்தது, "முப்பத்தொன்று, குறித்துக்கொண்டோம், நன்றி அம்மணி." "என்னை அம்மணின்னாங்க," என்றாள். பிறகு அவள் உட்காரவில்லை, உட்கார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஓடும் வண்டியில் நிற்கக் கூடாது.

மீதித் தெருக்களில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன். லாயத்தில் எல்லோரும் இறங்கிப் போனார்கள், இரண்டு பேர் தாமிராவிடம் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். ஹேசலை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வெப்பமானியை எடுத்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு பார்க்க வேண்டும். "ஐயோ, அங்கயா வைப்பாங்க?" என்றாள் வடிவு. "பின்ன, வாயில வெச்சா கடிச்சுத் தின்னுரும்," என்றேன். தாமிரா ஹேசலின் முகத்துப் பக்கம் நின்று அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். நூற்றொன்று புள்ளி இரண்டு, நல்லது. சுவரில் தொங்கும் பலகையில் எழுதப் போனேன். பலகையில் இந்த வார வேலைகள் இருந்தன, திங்கள் பல் சோதனை, செவ்வாய் ஓய்வு, புதன் ஹேசலுக்குப் புது லாடம். வடிவு குரல் கேட்டது. அவள் குரலும் நேராக இல்லை, பாவம், அவளும் காலையிலிருந்து எண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பாள். "தாமி, அப்பா கேட்டாரே. சொல்லுதியாடா? நீ எது சொன்னாலும் சித்தி உன் சித்திதான்." நான் திரும்பவில்லை. சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்து நின்றேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஹேசல் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம். ஒன்பது. பத்து. தாமிரா நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். உடனே நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பலகையை வாசித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வரை எண்ணியிருப்பேன்.

புதன்கிழமை லாடம் அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்றாள். இங்கே இருக்கிறேன் என்று வடிவிடம் சொன்னாள்.